சகனில் விட்டிருந்த இடம்

வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐம்பது. குசினிச் சுவரில் கஃபாவின் படம் போட்ட மணிக்கூடு ஒன்று மாட்டியிருந்தது. மகன் அரபு நாட்டில் இருந்து வந்தபோது கொண்டுவந்தது. மீன் ஆணத்தை இறக்கிவைத்துவிட்டு அதைப் பார்த்தேன். பள்ளிவாசலில் இருந்து ஆம்பிளைகள் வர இன்னும் நேரம் இருக்கிறதா என்று அறியத்தான் பார்த்தேன். அதனால் அந்த நேரம் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீடு பள்ளிவாசலுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தை வேளைக்கே விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டே ஒலிபெருக்கியில் இமாமின் பயான் பிரசங்கத்தைக் கேட்பது எனக்குப் பழக்கம். கிண்ணியாவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் எல்லாருக்கும் அது பழக்கம். அன்றைக்கு இமாம் கடற்கரையில் அவுலியா அடங்கியிருக்கும் சியாரத்துக் கந்தூரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிற கிழமை கொடியேற்றம், எல்லாரும் வரவேணும் என்றார். அவர் வயதானவர். வசனத்துக்கு வசனம் இருமுவார். அந்த இருமலோடுதான் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஓதப் படித்தார்கள்.

ஒரு இருமலுக்குப் பிறகு அவருடைய குரல் வரவில்லை. கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு என் மகனுடைய குரல் வந்தது.

"இந்தக் கொடி ஏத்திறது ஷிர்க். அல்லாவுக்கு இணை வைக்கிறது. கபுறுக்குக் கொடி ஏத்திறவருக்குப் பின்னால தொழ ஏலாது. தொழுதாலும் கூடாது."

அவன் சத்தம் போடவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்கும்போது எப்படிப் பேசுவானோ அப்படித்தான் பேசினான். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் ஊருக்கு மேலால் போனது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். யாரோ ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள்.

என் கையில் அகப்பை இருந்தது. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. என் கணவருக்கு நெஞ்சுவலி இருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் வாப்பா மவுத்தானால் மூத்த ஆண்பிள்ளை முன்னுக்கு நின்று, அடக்கம் செய்ய முதல் ஜனாஸா தொழுவிப்பான். தொழுவிக்கத் தெரியாதவன் இமாமை முன்னுக்கு விட்டு அவருக்கு நேர் பின்னால் நிற்பான். இமாமுக்குப் பின்னால் தொழ ஏலாது என்று ஊர் கேட்கச் சொன்ன பிள்ளை, அவனுடைய வாப்பாவின் மையித்துக்கு எங்கே நிற்பான்? வருவானா?

அந்த ஒரு கேள்வியோடுதான் அதற்குப் பிறகு இருந்தேன்.

அன்றைக்கு அவனோடு பத்துப் பன்னிரண்டு பெடியன்கள் தொழாமல் எழும்பி வெளியே போனார்கள். என் கணவர் வரிசையில் இருந்த இடத்திலேயே இருந்தார். தொழுதார். வீட்டுக்கு வந்து கால் கழுவினார். சோற்றைப் போட்டேன். பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிட்டார்.

"மைக்கில அவன்ட குரல் நல்லா இரிக்கு" என்றார். 

இப்போது ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அரபுக் காசு என்கிறார்கள். ஈரானில் நடந்ததைப் பேப்பரில் படித்துவிட்டுப் பெடியன்களுக்குத் தலை திரும்பிவிட்டது என்கிறார்கள். எனக்கு உலகத்துக் காரியம் தெரியாது. பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறேன், அவ்வளவுதான். என் வீட்டுக்குள் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது என் மாமனாருக்கு வேலை போனது. என் கணவர் அதே துறைமுகத்தில் களஞ்சியக் கிளாக்கராகச் சேர்ந்தார். சிங்களச் சோதனை பாஸ் பண்ண முடியாமல் பல வருடம் ஒரே சம்பளத்தில் இருந்தார். அவருக்குக் கீழே வேலை பழகினவர்கள் அவருக்கு மேலே போனார்கள். தம்பலகாமத்துக்கு அங்கால் என் வாப்பா காடு வெட்டித் திருத்தின வயல் ஒன்று இருந்தது. பெர்மிட் இல்லை என்று அதை எடுத்துக் குடியேற்றத்துக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் நாங்கள் சோற்று நேரத்தில் கதைத்தோம். மழை பெய்யவில்லை என்று கதைப்பதுபோலக் கதைத்தோம். மகன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் விஞ்ஞானம் படித்தான். அவனுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு வருடத்துக்கு மேலாக இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லை. அவனே புத்தகத்தை வைத்துப் படித்தான். சோதனை பாஸ், ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. பிறகு வேலைக்கு அலைந்தான். அப்போது அரசாங்க வேலை என்றால் எம்.பி.யிடம் இருந்து ஒரு சிபாரிசுத் துண்டு வேணும். எம்.பி.யிடம் துண்டு வேண்டித் தருகிறவர் எங்கள் பள்ளிவாசலின் தலைமை மரைக்கார். பள்ளிவாசல் நிருவாகமும் அவர்தான், கட்சி ஆளும் அவர்தான், கந்தூரிக்கு முதல் மாடு கொடுக்கிறவரும் அவர்தான். நல்ல மனிதர் இல்லை என்று சொல்ல ஏலாது. கேட்டவர்களுக்கு உதவி செய்வார். கேட்க வைத்துத்தான் செய்வார்.

அந்த வருடக் கந்தூரிக்கு எம்.பி. வந்திருந்தார். மரைக்கார் மகனைக் கூப்பிட்டு, வந்த ஆட்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எங்கள் சாப்பாட்டு முறை வெளியூர் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சகன் என்கிற பெரிய தட்டில் சோறு வரும். ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஆறு பேரும் நிரம்பாமல் யாரும் கை வைப்பதில்லை. ஒரு இடம் வெறுமையாக இருந்தால், "இங்க ஒராள் வாங்க" என்று தெரியாத மனிதனைக்கூடக் கூப்பிட்டு இருத்துவார்கள். பணக்காரனும் வள்ளக்காரனும் ஒரே சோற்றில் கை வைப்பார்கள் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் யார் எந்தச் சகனில் இருப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. முதல் பந்தலில் ஒரு ஊர், கடைசிப் பந்தலில் இன்னொரு ஊர்.

மகன் எம்.பி.க்கும் அவரோடு வந்தவர்களுக்கும் தண்ணீர் ஊற்றினான். தோளில் துவாய் போட்டுக்கொண்டு பந்தல் பந்தலாகப் போனான். எல்லாம் முடிந்தபோது அவன் இருந்து சாப்பிடச் சகன் இல்லை. மரைக்கார் அவனைப் பார்த்து, "குசினிப் பக்கம் போ மகன், அவளுகள் ஏதும் தருவாளுகள்" என்று சொன்னாராம். துண்டு மரைக்காரின் மச்சினன் மகனுக்குப் போனது. மகன் அதை எனக்குச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"உம்மா, தண்ணி ஊத்தினது நான். கையக் கழுவி உத்தியோகத்தில இருந்தது அவன்."

நானும் சிரித்தேன்.

பிறகு அரபு நாட்டுக்குப் போனான். ஒரு கம்பனிக் கந்தோரில் தேநீர் கொடுக்கிற வேலை. அவனுடைய பேரை அங்கே யாரும் கேட்கவில்லை. சீலானி, சிலோன்காரன், என்றுதான் கூப்பிடுவார்களாம். அங்கே ஒரு பள்ளிவாசலில் தொழும்போது, யாரோ ஒருவர் தொழுகை முடிந்ததும் அவனுடைய கையைப் பிடித்து நெஞ்சில் இப்படிக் கட்டு, அப்படிக் கட்டு என்று குழந்தைக்குக் காட்டுவதுபோலக் காட்டினாராம். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அவன் தங்கியிருந்த அறைக்கு வெள்ளிக்கிழமைகளில் தமிழ் பேசும் ஒருவர் வருவார். காசு கொடுக்கவில்லை, வேறு எதுவும் கொடுக்கவில்லை. தேநீர் போட்டு அவனுக்குத் தருவார். சகோதரர் என்று கூப்பிட்டு அவனைத் தன் பக்கத்தில் இருத்துவார். இதைச் சொன்னபோதுதான் அவன் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். பக்கத்தில் இருத்தினார் உம்மா, என்று திரும்பவும் சொன்னான்.

ஊருக்கு வந்தபோது அவனுக்குத் தாடி இருந்தது. ஐந்து நேரமும் தொழுதான். சிகரெட்டை விட்டுவிட்டான். எங்களுக்குச் சந்தோசம். மறைக்காமல் சொல்கிறேன், ஊரில் எல்லா உம்மாமாருக்கும் சந்தோசம். அந்த நேரம் பட்டணத்தில் தமிழ்ப் பெடியன்கள் இயக்கம் என்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். சிலர் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். எங்கள் பெடியன்கள் பின்னேரத்தில் களப்புக் கரையில் கூடி ஒலிநாடாவில் பயான் கேட்கிறார்கள் என்று அறிந்தபோது, அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொன்னோம். பிள்ளை பள்ளிவாசலில் இருக்கிறான் என்றால் பயமில்லை என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளை எங்கே என்று கேட்டால் பள்ளியில் என்று சொல்வதை விட நல்ல பதில் எங்களுக்குத் தெரியாது. ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது. ஒருவரும் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று இருந்து கேட்கவில்லை.

மகளுடைய கலியாணத்தில்தான் முதலில் தெரிந்தது. எங்கள் வீட்டில், நான் சீதனமாகப் பெற்ற இதே வீட்டில்தான் கலியாணம். நபியைப் புகழும் மௌலூது ஓதி முடித்துச் சகன் வைத்தார்கள். என் கணவர் ஒரு சகனில் இருந்து, பக்கத்தில் மகனுக்கு இடம் விட்டிருந்தார். மரைக்காரும் அதே சகனில்தான் இருந்தார். எல்லாருக்கும் கை ஈரம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகன் வாசலில் நின்றான்.

"மௌலூது ஓதின சோறு வாப்பா. நான் தின்ன ஏலாது."

அவனுடைய வாப்பா கையை அந்த வெறும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மரைக்கார்தான் பேசினார்.

"தம்பி அங்க போய் அல்லாவைக் கண்டு வந்திட்டார் போல. நாங்க இவ்வளவு நாளும் ஆரைக் கும்பிட்டமோ தெரியா. கிளாக்கர், கையை எடுங்க. சோறு ஆறுது."

பந்தலில் சிரித்தார்கள். யாரோ ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் இருத்தினார்கள். சாப்பிட்டார்கள். மகன் வெளியே போய் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரிசி களையும் அரிக்கன் சட்டியோடு குசினி வாசலில் நின்ற எனக்கு அவனுடைய முதுகு தெரிந்தது. அவன் மரைக்காரின் சோற்றைத்தான் மறுக்கிறான் என்று எனக்கு விளங்கியது. ஆனால் அவன் சொன்னது அல்லாஹ்வின் பேரால். மரைக்காரை மறுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நாளைக்கு ஒரு நாள் மரைக்காரோடு சமாதானம் ஆகலாம். அல்லாஹ்வின் பேரால் மறுத்துவிட்டால் யாரோடு போய்ச் சமாதானம் ஆகிறது? இதை நான் அவனிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, "உங்களுக்கு விளங்காது உம்மா. நீங்க நல்ல ஆள்" என்றான்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மரைக்கார்மார் கூடி முடிவு எடுத்தார்கள். மகன் வந்து சபையில் மன்னிப்புக் கேட்கும்வரை எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் பள்ளிவாசல் வராது. மற்றப் பெடியன்களின் வீடுகளுக்கும் அதுதான். மையித்துக் கொண்டுபோகிற சந்தூக்கு பள்ளிவாசலில் இருக்கிறது. அது இந்த வீடுகளுக்கு வராது. அதைச் சொல்ல வந்த, பாங்கு சொல்லும் மோதினார் முற்றத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "தண்ணி ஒரு கிளாஸ் தாங்க டீச்சர்" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

பெடியன்கள் களப்புக் கரையில் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டு வேறாகத் தொழத் தொடங்கினார்கள். கொடியேற்றத்தன்று காலையில் சியாரத்துக் கொடிமரம் அடியோடு வெட்டப்பட்டுக் கிடந்தது. பின்னேரம் கொட்டில் எரிந்தது. யார் வெட்டியது, யார் எரித்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொலிஸ் வந்து பெடியன்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. மற்றப் பெடியன்களின் வாப்பாமார் ஒவ்வொருவராக மரைக்காரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்ல, ஒவ்வொரு பிள்ளையாக வந்தான். என் கணவரும் போனார். போய் வாசலில் நின்றாராம். மரைக்கார், "உங்கட மகன் வாயால கேட்டா விடுவிக்கிறன்" என்றாராம். மகன் கேட்கவில்லை.

கடைசியாக அவன் வந்தான். சேட்டைக் கழற்ற மாட்டேன் என்றான். முதுகைச் சுவரில் சாய்க்காமல் கதிரையின் நுனியில் இருந்தான். கஞ்சி கொடுத்தேன். கரண்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. நான் ஊட்டிவிட்டேன். அவனுக்கு முன்னர் ஒரு நக்கல் இருந்தது, ஒரு சிரிப்பு இருந்தது. தண்ணி ஊற்றின கதையைச் சொன்னபோது இருந்த சிரிப்பு. அதற்குப் பிறகு அது இல்லை. அதுவரைக்கும் என் மகன் ஒரு கோபக்காரப் பெடியன். பொலிசில் இருந்து வந்தவனுக்குக் கோபம் இல்லை. தீர்ப்புத்தான் இருந்தது.

அந்த ஒலிநாடாக்களில் பேசுகிறவர்களின் மாணவர்கள் நடத்தும் ஒரு மதரசாவுக்குப் போகிறேன் என்றான். தூர ஊர். போனான். இடைக்கிடை வருவான். வரும்போது அவனுடைய சோற்றுக் கோப்பையை அவனே கொண்டுவருவான். இந்த வீட்டில் கந்தூரிச் சோறு புழங்கின சட்டிகளில் சமைத்ததை உண்பதில்லை என்றான். எனக்கு அதைக் கேட்டு வருத்தம் வந்ததா என்றுகூட இப்போது நினைவில்லை. புதுச் சட்டி ஒன்று வேண்டி வைத்தேன். அவனுக்கு மட்டும் அதில் சமைத்தேன். அவனுடைய வாப்பா ஒரு நாள், "எனக்கும் அந்தச் சட்டியில போடு, ருசியா இரிக்கா பாப்பம்" என்றார். மகன் தலை நிமிரவில்லை.

என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் கிண்ணியாவில் தொழுவதை விட்டுவிட்டார். மரைக்காரின் பள்ளிவாசலுக்குப் போனால் மகன் இல்லை. பெடியன்கள் திரும்பக் கட்டின கொட்டிலுக்குப் போனால் ஊர் இல்லை. வழக்கம்போலத் துறையில் களப்பைக் கடக்கிற பாதைப் படகில் ஏறி வேலைக்குப் போவார். பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிவாசலில், தெரியாத ஆட்களுக்கு நடுவில் தொழுவார். அவரோடு களஞ்சியத்தில் வேலை செய்த ஒரு தமிழர் இருந்தார். அன்புவழிபுரத்துக்காரர், சைவ ஆள். இருவரும் ஒரே மேசை. அந்த நேரங்களில் அவர்தான் இவருடைய கணக்கையும் சேர்த்துப் பார்ப்பார். "உங்கட மனிசன் இப்ப தொழப் போய்த் திரும்பி வர நேரமாகுது டீச்சர். அங்க ஆரோடயும் கதைக்கிறதில்லை, சும்மா இருந்திட்டு வாறார்" என்று ஒருமுறை எனக்குச் சொன்னார்.

ஒருநாள் நான் மகனிடம் நேராகக் கேட்டேன். வாப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை, உனக்குத் தெரியும். அவருக்கு ஒன்று நடந்தால் நீ வந்து நிற்பியா, என்று.  என்னை நோகச் செய்ய அவன் விரும்பவில்லை, அது எனக்குத் தெரிந்தது.

"கந்தூரி, கத்தம், தாயத்து எண்டு இருந்த ஆள், கடைசியில கலிமாவோட போனாத்தான் ஈடேற்றம் உம்மா. அதுக்குத்தான் நான் துஆச் செய்யிறன்" என்றான்.

உயிர் போகும்போது அல்லாஹ்வைத் தவிர நாயன் இல்லை என்று சொல்கிற சொல்தான் கலிமா. நான் கேட்டது அது இல்லை. அவன் சொன்ன பதில் அதுதான்.

என் கணவர் வேலைநாள் ஒன்றில் மவுத்தானார். காலையில் களஞ்சியத்தில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் அந்த அன்புவழிபுரத்துக்காரர் மட்டும்தான். அவருடைய மடியில்தான் தலை இருந்திருக்கிறது. அவர்தான் மையித்தை லொறியில் ஏற்றி, பாதையில் களப்பைக் கடந்து, எங்கள் வாசல்வரைக்கும் கொண்டுவந்தார். லொறியால் இறங்கியபோது அவருடைய சேட்டின் முன்பக்கம் முழுக்கக் கசங்கியிருந்தது.

நான் இத்தாவில் அறைக்குள் போய்விட்டேன். புருசன் மவுத்தானால் பெண் அந்நிய ஆம்பிளைகளின் முன்னால் வருவதில்லை. வாசலில் மருமகன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார். அந்தத் துணிக்கு அங்கால் இருந்துதான் எல்லாக் குரலும் வந்தது. அன்புவழிபுரத்துக்காரர் துணிக்கு அங்கால் நிலத்தில் இருந்து சொன்னார்.

"கடைசி நேரம் ஏதோ சொன்னவர் டீச்சர். அல்லா எண்டது விளங்கினது. பிறகும் வாய் அசைஞ்சது. எனக்கு உங்கட சொல்லுகள் தெரியாது. நான் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்."

நான் ஓம் என்றேன்.

மகனுக்கு ஆள் அனுப்பினோம். பஸ்ஸில் வந்தால் பின்னேரம் அசர் தொழுகைக்குள் வந்து சேரலாம். மையித்தை அதற்கு மேல் வைத்திருக்க ஏலாது. சந்தூக்கு வருமா என்பது தெரியாது. மருமகனும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலைக் கவிழ்த்துக் கம்பு கட்டலாமா என்று மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இருமல் சத்தம் கேட்டது. இமாம்தான். நாலு பேரோடு சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மரைக்காரிடம் கேட்டாரா, கேட்காமல் வந்தாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. வாசலுக்கு வெளியில் நின்று, "மகன் வந்திட்டாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார்கள். "அப்ப கொஞ்சம் பொறுப்பம்" என்றார்.

பொறுத்தார்கள். ஒரு பெடியன் சைக்கிளில் வந்து, மகன் துறையால் இறங்கிவிட்டார், அங்கே கடைக்கு முன்னால் நிற்கிறார் என்று சொன்னான். இமாம் இன்னும் பொறுத்தார். இன்னொருவன் வந்து, வரச் சொல்லியும் அவர் அங்கேயேதான் நிற்கிறார் என்றான். நான் துணிக்கு இங்கால் இருந்து கேட்டேன். துறை எங்கள் வீட்டில் இருந்து தூரம் இல்லை.

அசருக்குப் பிறகு அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். இமாம் தொழுவித்தாராம். அவருக்கு நேர் பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடத்தை மருமகன் விட்டுவிட்டு, அடுத்த இடத்தில் நின்றதாகப் பிறகு எனக்குச் சொன்னார்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் துணிக்கு அங்கால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பெண்கள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கலிமா சொன்னாரா? மவுத்து வீட்டில் எல்லாரும் கேட்பதுதான். ஆறுதலுக்குக் கேட்பது. நான் ஓம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். கண்ணைத் துடைத்தார்கள். அடுத்தவர் வந்தார். நான் ஓம் என்றேன்.

மையவாடியால் வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் சோறும் பருப்பும் ஆக்கிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். வெளியில் சகன் வைத்தார்கள். மருமகன் இருந்தார், இமாம் இருந்தார், இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு இடம் வெறுமையாக இருந்தது. இமாம், அன்புவழிபுரத்துக்காரரைக் கூப்பிட்டார். "நீங்க வாங்க தம்பி. காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல." அவர், நான் வேறயா இருக்கிறன் என்று சொன்னது கேட்டது. "சகன் நிரம்பாம நாங்க கை வைக்கிறல்ல" என்றார் இமாம். அவர் வந்து இருந்தார்.

இன்றைக்கும் ஒலிபெருக்கியில் சத்தம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். வகுப்பில் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்து என்று அவர்கள் நினைக்கக்கூடும். நான் நினைப்பது, அவரை அடக்கின அன்றைக்குப் பொழுது சாய, மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தின நேரத்தை.

படலை திறந்த சத்தத்தில் அவன் என்று அறிந்துகொண்டேன்.  துணியின் ஓரத்தால் பார்த்தேன். மெலிந்திருந்தான். கண் சிவந்திருந்தது. சாறனின் கரையில் மண் ஒட்டியிருந்தது. எல்லாரும் போன பிறகு மையவாடிக்குப் போய்க் கபுறடியில் தனியாக நின்று தொழுதுவிட்டு வந்திருக்கிறான். சகனில் இருந்தவர்களைப் பார்த்தான். இமாமைப் பார்த்தான், அவருக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான். இமாம் கையை உயர்த்தி ஏதோ சொல்லப் போனார், இருமல் வந்துவிட்டது. மகன் ஸலாம் சொல்லவில்லை. நேராக வந்து, துணியை விலக்கி, அறைக்குள் வந்து, எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். என் இரண்டு கையையும் பிடித்தான். அவனுடைய கை சுட்டது.

"உம்மா, வாப்பா கலிமா சொன்னவரா?"

"ஓம் மகன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"ஆர் காதால கேட்டது?" என்றான்.